பதின்பருவத்தில் பாலுறவைத் தவிர்த்தல்: விளக்கங்களும் அவற்றின் எல்லைகளும்

பதின்பருவத்தினரில் ஒரு பகுதியினர் பாலுறவை ஏன் தவிர்க்கிறார்கள் என்ற கேள்விக்குச் சமயம், மருத்துவம், உளவியல், சமூகவியல், அரசின் கொள்கை வகுப்பு எனப் பல துறைகள் நெடுங்காலமாக விடை சொல்லி வந்திருக்கின்றன. எனினும் அவ்விடைகளில் பல, பாலுறவில் ஈடுபடுகிறவர்களையே விளக்கப்பட வேண்டியவர்களாகக் கொண்டு, தவிர்ப்பவர்களை விளக்கம் எதுவும் தேவைப்படாத இயல்பு நிலையினராக ஒதுக்கிவைத்தன. 1904இல் வெளிவந்த தன் இரு தொகுதி நூலால் வளரிளம் பருவத்தைத் தனி ஆய்வுப்பொருளாக்கிய ஜி. ஸ்டான்லி ஹால் அப்பருவத்தைக் கொந்தளிப்பின் காலமாகவே கண்டார். கொந்தளிப்பை அணைகட்டி வேறு திசையில் திருப்புவது பெரியவர்களின் கடமை என்ற எண்ணம் அதன்பின் கல்வியாளர்களிடம் வேரூன்றியது. அந்தப் பார்வையில் தவிர்த்தல் என்பது வளர்ப்பு முறையின் வெற்றியாகத் தெரிந்ததே தவிர, இளைஞர் ஒருவர் தாமே எண்ணிப்பார்த்து எடுக்கக்கூடிய முடிவாகத் தெரியவில்லை.

இக்கேள்வி மிக அதிகமாக ஆராயப்பட்டதும் மிகக் கடுமையாகச் சர்ச்சிக்கப்பட்டதும் அமெரிக்காவில்தான் என்பதால், இக்கட்டுரை அந்நாட்டுச் சான்றுகளையே முதன்மையாகக் கொள்கிறது. அங்கு நோய்க் கட்டுப்பாட்டு மற்றும் தடுப்பு மையங்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடத்தும் இளையோர் இடர்நடத்தைக் கணக்கெடுப்பில், பாலுறவு அனுபவம் உண்டு என்று சொன்ன உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 1991இல் சுமார் 54 சதவீதமாகவும், 2013இல் சுமார் 47 சதவீதமாகவும், 2021இல் 30 சதவீதமாகவும், 2023இல் 32 சதவீதமாகவும் இருந்தனர். அதாவது, தவிர்ப்பவர்கள் சிறுபான்மையினர் என்ற அனுமானத்தில் பிறந்த கோட்பாடுகள் பலவும், அவர்களே பெரும்பான்மையாகிவிட்ட ஒரு தலைமுறையை இன்று எதிர்கொள்கின்றன.

தவிர்த்தல் என்பதில் அடங்குபவை

ஆய்வாளர்கள் முதலில் சந்திக்கும் இடர்ப்பாடு, நிகழாத ஒன்றை அளப்பதில் இருக்கிறது. ஒரு மாணவி திருமணம் வரை காத்திருப்பதென்று தீர்மானித்திருக்கலாம். மற்றொருத்தி இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டிருக்கலாம். மூன்றாமவருக்கு ஆர்வம் இருந்தும் துணை வாய்க்காமல் போயிருக்கலாம். நான்காமவருக்கு இதைப் பற்றிய எண்ணமே எழாதிருக்கலாம். கணக்கெடுப்புத் தாளில் இந்நால்வரும் ‘இல்லை’ என்ற ஒரே கட்டத்தில்தான் குறியிடுகிறார்கள். ஒருபோதும் ஈடுபடாதவர்களை முதல்நிலைத் தவிர்ப்பினர் என்றும், ஒருமுறை ஈடுபட்டபின் நிறுத்திக்கொண்டவர்களை இரண்டாம்நிலைத் தவிர்ப்பினர் என்றும் பிரிக்கும் வழக்கம் பின்னாளில் வந்தது. இரண்டாம் வகையினரின் காரணங்கள் அனுபவத்திலிருந்து பிறந்தவை என்பதால் அவற்றை முதல் வகையினரின் காரணங்களோடு கலக்கக் கூடாது.

இவற்றுள் அடங்காத பிரிவினரும் உண்டு. அந்தோனி போகர்ட் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டனின் தேசிய அளவிலான மாதிரி ஒன்றில் சுமார் 1 சதவீதத்தினர் தங்களுக்கு யார்மீதும் பாலீர்ப்பு தோன்றியதே இல்லை என்று கூறியிருந்தது சுட்டிக்காட்டப்பட்டது. இவ்வாறு பாலீர்ப்பே இல்லாத நிலையை அபாலீர்ப்பு என்று குறிக்கலாம். அத்தகையோர் பாலுறவில் ஈடுபடாதிருப்பதைத் துறவாகவோ மன உறுதியாகவோ விவரிப்பது அவர்களைத் தவறாகப் புரிந்துகொள்வதாகும். மறுமுனையில், வற்புறுத்தலுக்கு ஆளானவர்கள் ‘ஆம்’ என்ற பக்கத்தில் எண்ணப்படுகிறார்கள். அவர்களுக்கு வாய்க்காத ஒரு தெரிவு அவர்கள் பெயரில் பதிவாகிறது. தவிர்ப்பைத் தெரிவு என்று அழைக்க வேண்டுமானால், ஒருவர் முன்னால் இரு வழிகளும் உண்மையிலேயே திறந்திருந்தனவா என்பது தெரிய வேண்டும். பெரும்பாலான கணக்கெடுப்புகளில் அதற்கான வினா இல்லை.

சமயமும் ஒழுக்கமும்

குடும்ப வளர்ச்சி குறித்த அமெரிக்கத் தேசியக் கணக்கெடுப்பு, பாலுறவு அனுபவம் இல்லாத பதின்பருவத்தினரிடம் அதற்கான முதன்மைக் காரணத்தை ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. சமயத்துக்கோ ஒழுக்கத்துக்கோ மாறானது, கருத்தரிக்க விரும்பவில்லை, நோய்த்தொற்று வேண்டாம், ஏற்ற துணை இன்னும் அமையவில்லை, துணை இருந்தும் தகுந்த நேரம் வரவில்லை என்பவை அப்பட்டியலில் உள்ள காரணங்கள். அடுத்தடுத்த சுற்றுகளில் ஆண், பெண் இரு பாலாரிடமும் அதிகம் பேர் தேர்ந்தது முதல் காரணத்தையே. சமய விளக்கத்தின் ஆதரவாளர்கள் இதனை நேரடிச் சான்றாகக் கொள்கிறார்கள்.

எனினும் இரண்டு ஐயங்கள் எழுகின்றன. சமயப் பற்று தவிர்ப்பைத் தோற்றுவிக்கிறதா, அல்லது பாலுறவில் ஈடுபட்டவர்கள் சமயத்திலிருந்து விலகிப்போவதால் அப்படி ஒரு தோற்றம் எழுகிறதா என்பது முதல் ஐயம். ஆன் மேயர் 2003இல் நெடுக்கு ஆய்வுத் தரவுகளை, அதாவது ஒரே ஆட்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து திரட்டிய தரவுகளைக் கொண்டு இதனை ஆராய்ந்து, சமயப் பற்று நடத்தையைப் பாதிப்பதற்குச் சான்று இருக்கிறதென்றும், முதல் பாலுறவு சமயப் பற்றைக் குறைப்பதற்குச் சான்று இல்லை என்றும் காட்டினார். ஆகவே முதல் ஐயம் ஓரளவு தணிந்தது. இரண்டாவது ஐயம் கடினமானது. மார்க் ரெக்னரஸ் 2007இல் வெளியிட்ட நூலில், திருமணத்துக்கு முந்தைய பாலுறவை மிகக் கடுமையாக எதிர்க்கும் சுவிசேஷ சபை இளைஞர்கள், நடத்தையில் பிறரைவிட அவ்வளவாக வேறுபடவில்லை என்றும், கண்டிப்பான கோட்பாடு எதுவும் இல்லாத நடுத்தர வர்க்கத்தினரிடையே கல்வியையும் எதிர்காலத்தையும் முன்னிறுத்தும் ஒருவகை நடைமுறை ஒழுக்கம் தவிர்ப்பை வளர்க்கிறது என்றும் வாதிட்டார். நம்பிக்கையின் உள்ளடக்கத்தைக் காட்டிலும், ஆலயம், இளைஞர் குழு, ஒரே கருத்துடைய குடும்பங்கள் ஆகியவை சேர்ந்து பின்னும் வலைதான் செயல்படுகிறது என்ற முடிவுக்கே இவ்வாதம் இட்டுச் செல்கிறது. பட்டியலில் ‘சமயம்’ என்று குறியிடும் மாணவர் குறிப்பது இறை நம்பிக்கையையா, அந்த வலையையா என்பதைக் கணக்கெடுப்பு கேட்பதில்லை.

உறுதிமொழி இயக்கமும் அதன் பாடங்களும்

சமயம், குழு, தனிமனிதத் தெரிவு மூன்றும் எப்படிப் பிணைந்துள்ளன என்பதை வேறெதனையும்விடத் தெளிவாகக் காட்டியது 1993இல் தெற்கு பாப்டிஸ்ட் சபையினர் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரை மையமாகக் கொண்டு தொடங்கிய ‘ட்ரூ லவ் வெய்ட்ஸ்’ இயக்கமாகும். திருமணம் வரை பாலுறவைத் தவிர்ப்பேன் என்று கடவுள், குடும்பம், நண்பர்கள் முன்னிலையில் உறுதிகூறி, ஓர் அட்டையில் கையெழுத்திடுவதே அதன் சடங்கு. 1994 ஜூலையில் வாஷிங்டன் நகரின் தேசியத் திடலில் அத்தகைய அட்டைகள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவை தரையில் நட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டன. தனிப்பட்ட முடிவாகச் சொல்லப்பட்ட ஒன்று பொதுவெளியில் கூட்டாக அறிவிக்கப்பட்டதுதான் இந்த இயக்கத்தின் தனித்தன்மை.

இதே காலத்தில், 1994–95இல், ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களைக் கொண்டு ‘ஆட் ஹெல்த்’ என்ற தேசிய நெடுக்கு ஆய்வு தொடங்கியது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் வீடுகளில் பேட்டி காணப்பட்டனர். அத்தரவுகளைக் கொண்டு பீட்டர் பியர்மனும் ஹன்னா ப்ரூக்னரும் 2001இல் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் இதுவரை எழுதப்பட்டவற்றில் மிகக் கூர்மையானது எனலாம். உறுதிமொழி எடுத்தவர்கள் மற்றவர்களைவிட முதல் பாலுறவைக் கணிசமாகத் தள்ளிப்போட்டார்கள் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் அவ்விளைவு எல்லா வயதினரிடமும் காணப்படவில்லை என்பதையும், ஒரு பள்ளியில் உறுதிமொழி எடுத்தவர்கள் சிலர் இருக்கும்போது மட்டுமே அது பலித்தது, மிகப் பலர் எடுத்துவிட்ட பள்ளியில் அதன் வலு போய்விட்டது என்பதையும் அவர்கள் கண்டனர். இதற்கு அவர்கள் தந்த விளக்கம், உறுதிமொழி ஓர் அடையாள இயக்கம் என்பதாகும்: தாங்கள் மற்றவர்களிலிருந்து வேறுபட்டவர்கள் என்ற உணர்வும், அந்த வேறுபாட்டைப் பகிர்ந்துகொள்ளச் சிலராவது உடனிருக்கிறார்கள் என்ற தெம்பும் சேரும் இடத்தில்தான் அதற்குப் பொருள் இருக்கிறது, எல்லோரும் எடுத்துவிட்டால் அது யாரையும் எதிலிருந்தும் வேறுபடுத்துவதில்லை. இக்கண்டுபிடிப்பு சமயத் தரப்புக்கும் அதன் எதிர்ப்பாளர்களுக்கும் ஒருசேரச் சங்கடம் தருவது. வாக்குறுதிக்குத் தனியே ஓர் ஆற்றல் உண்டு என்பதையும் அது ஏற்கவில்லை, வாக்குறுதி வெறும் வேடம் என்பதையும் ஏற்கவில்லை. அத்துடன், உறுதியை மீறியவர்கள் முதல் பாலுறவின்போது கருத்தடைச் சாதனத்தைப் பயன்படுத்தும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைவு என்பதையும் அக்கட்டுரை பதிவுசெய்தது; ஈடுபடமாட்டேன் என்று சொன்னவர் முன்னேற்பாட்டோடு இருப்பது தன் சொல்லைத் தானே மறுப்பதாகிவிடும் என்பதால் இது வியப்புக்குரியதல்ல, ஆனால் அதன் சுமையைச் சுமந்தவர்கள் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள்.

அடுத்து வந்த திருத்தம் ஜேனட் ரோசன்பாமுடையது. உறுதிமொழி எடுப்பவர்கள் முன்பே சமயப் பற்றும் கட்டுப்பாடான மனப்பாங்கும் உடையவர்கள் என்பதால், அவர்களைப் பொதுவான மாணவர்களோடு ஒப்பிடுவது முறையல்ல என்று அவர் கருதினார். ஒரு குழுவில் சேருபவர்கள் முன்னமே வேறுபட்டிருப்பதால் விளையும் இப்பிழையைத் தெரிவுச் சாய்வு என்பர். 2009இல் வெளியான அவருடைய ஆய்வில், உறுதிமொழி எடுத்த 289 பேர், உறுதிமொழிக்கு முந்தைய 112 கூறுகளில் அவர்களை ஒத்திருந்த, ஆனால் உறுதிமொழி எடுக்காத 645 பேருடன் ஒப்பிடப்பட்டனர். ஐந்தாண்டுகளுக்குப் பிறகு இரு தரப்பாரின் பாலுறவு நடத்தையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கருத்தடையிலும் ஆணுறையிலும் மட்டும் உறுதிமொழி எடுத்தவர்கள் பின்தங்கியிருந்தனர். மேலும், அவர்களில் 82 சதவீதத்தினர் தாங்கள் அப்படி ஓர் உறுதிமொழி எடுத்ததே இல்லை என்றனர்.

இந்த 82 சதவீதத்தைப் பொய்யர்கள் என்று தள்ளிவிடுவது எளிது. அது சரியான வாசிப்பாகத் தோன்றவில்லை. பதின்பருவத்தில் எடுத்த ஒரு முடிவு, அதை எடுத்தவருடைய வாழ்க்கைக் கதையில் பொருந்தாமற்போகும்போது நினைவே அதைத் திருத்தி எழுதக்கூடும். அப்படியானால், ‘ஏன் தவிர்க்கிறாய்’ என்று பதினைந்து வயதில் கேட்டுப் பெறும் பதிலுக்கும் ‘ஏன் தவிர்த்தாய்’ என்று இருபது வயதில் கேட்டுப் பெறும் பதிலுக்கும் இடையே இருப்பது நேர்மையின் ஏற்றத்தாழ்வு மட்டுமல்ல. காரணம் என்பதே வயதோடு மாறும் பொருள் என்பதை இவ்வாய்வு, தான் தேடாமலேயே, வெளிக்கொணர்ந்தது.

அச்சமும் எதிர்காலக் கணிப்பும்

சமயத்துக்கு வெளியே நின்று சொல்லப்படும் விளக்கங்களில் முதன்மையானது, இளைஞர்கள் இழப்பையும் பயனையும் எடைபோடுகிறார்கள் என்பதாகும். 1980களின் நடுப்பகுதியிலிருந்து எய்ட்ஸ் பற்றிய அச்சம் இவ்விளக்கத்துக்கு வலுச்சேர்த்தது. லின் பிளின்–பைக் 1999இல் மிசூரி மாநில மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், அவர்கள் சொன்ன காரணங்கள் நோய், கருத்தரிப்பு பற்றிய அச்சம், மனக்குழப்பமும் கூச்சமும் சார்ந்த தயக்கம், மரபுசார்ந்த விழுமியங்கள் என மூன்று தொகுதிகளாகத் திரண்டன. இதில் கவனிக்கத்தக்கது இரண்டாவது தொகுதி. கொள்கை வகுப்போர் அச்சத்தையும் விழுமியத்தையும் பற்றியே பேசிக்கொண்டிருக்க, தாங்கள் இன்னும் தயாராகவில்லை என்ற எளிய உணர்வைப் பிள்ளைகள் ஒரு காரணமாக முன்வைத்தார்கள்.

எதிர்காலக் கணிப்பு என்ற விளக்கத்துக்குள் கல்வி ஆர்வம் பற்றிய ஆய்வுகளும் அடங்கும். கரோலின் ஹால்பெர்னும் சக ஆய்வாளர்களும் 2000இல் ஆட் ஹெல்த் தரவுகளைக் கொண்டு அறிவுத்திறன் மதிப்பெண்ணுக்கும் பாலுறவு அனுபவத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தபோது, மதிப்பெண் மிக உயர்ந்தவர்கள் மட்டுமன்றி மிகத் தாழ்ந்தவர்களும் அதிகம் தவிர்ப்பவர்களாக இருந்தனர். உயர்ந்தவர்கள் கல்லூரியையும் தொழிலையும் எண்ணித் தள்ளிப்போடுகிறார்கள் என்று விளக்கலாம். தாழ்ந்தவர்களுக்கு அவ்விளக்கம் பொருந்தாது, பெரியவர்களின் கூடுதல் கண்காணிப்போ தோழமைக் குறைவோ அவர்களிடம் வேலைசெய்திருக்கலாம். ஒரே விளைவை வேறு வேறு பாதைகள் உண்டாக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று குறைவு.

இயல்பும் உடலும்

கொலராடோ பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஜெசரும் ஷெர்லி ஜெசரும் 1970களில் வகுத்த சிக்கல் நடத்தைக் கோட்பாடு, பாலுறவு, மது, கஞ்சா, சிறு குற்றங்கள் ஆகியவற்றை ஒரே தொகுதியாகக் கொண்டு, மரபை ஒட்டிச் செல்லும் இயல்புடையவர்கள் இவை அனைத்தையும் தவிர்க்கிறார்கள் என்றது. மற்றோர் ஆய்வாளரான ஜே. ரிச்சர்ட் உட்ரி 1980களில் பையன்களின் குருதியிலுள்ள டெஸ்டோஸ்டிரோன் அளவை நடத்தையோடு தொடர்புபடுத்தினார்; பெண்களிடம் அத்தகைய தொடர்பு ஆர்வத்தில் தெரிந்த அளவு நடத்தையில் தெரியவில்லை, சமூகக் கட்டுப்பாடு இடையில் நின்றது. முதற் கோட்பாட்டின் குறை, வளர்ச்சியின் இயல்பான ஒரு படியைக் குற்றத்தோடு ஒரே வரிசையில் நிறுத்தியது. இரண்டாவதன் குறை, பையன்களிடமும் பின்வந்த அளவீடுகள் முதலில் கண்டதைப் போல் சீராக அமையாதது.

பெண்களின் விருப்பம்: விடுபட்ட பக்கம்

மேற்கண்ட விளக்கங்கள் அனைத்தும் தவிர்ப்பவரைக் கட்டுப்பாட்டின் கோணத்திலிருந்தே நோக்கின என்ற குற்றச்சாட்டைப் பெண்ணிய ஆய்வாளர்கள் எழுப்பினர். மிஷெல் ஃபைன் 1988இல் எழுதிய கட்டுரை, அமெரிக்கப் பள்ளிகளின் பாலியல் கல்வி பெண்களை ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவர்களாகவே சித்திரிக்கிறதென்றும், அவர்களுக்கும் விருப்பம் உண்டு என்ற பேச்சே அதில் இல்லையென்றும் சுட்டியது. டெபோரா டோல்மன் 2002இல் பதின்பருவப் பெண்களின் பேட்டிகளைக் கொண்டு எழுதிய நூல் அவ்வாதத்தை மேலும் வளர்த்தது. இவர்கள் தவிர்ப்பை எதிர்ப்பவர்கள் அல்லர். ‘வேண்டும்’ என்று சொல்ல இடமே தரப்படாத ஒருத்தியின் ‘வேண்டாம்’ எந்த அளவுக்கு அவளுடையது என்பதே இவர்களின் கேள்வி. இது இத்துறையின் மையக் கேள்வி என்று கொள்ளத் தக்க காரணங்கள் உண்டு.

லாரா கார்ப்பெண்டர் 2005இல் வெளியிட்ட நூல் இதனை இரு பாலாருக்கும் விரிவாக்கியது. 61 பேரிடம் பெற்ற பேட்டிகளிலிருந்து, முதல் பாலுறவுக்கு முந்தைய நிலையைச் சிலர் ஒரு கொடையாகவும், சிலர் விரைவில் களைய வேண்டிய களங்கமாகவும், சிலர் வளர்ச்சியின் ஒரு படியாகவும் கருதுவதை அவர் பிரித்துக் காட்டினார். கொடையாகக் கருதியவர்கள் காத்திருந்தனர். ஆனால் அதைப் பெற்றவர் மதிக்காதபோது அவர்களுக்கு ஏற்பட்ட காயமும் ஆழமாக இருந்தது. படியாகக் கருதியவர்கள் தள்ளிப்போட்டாலும், ஈடுபட்டாலும், முடிவு தங்கள் கையில் இருந்ததாக உணர்ந்தனர். பேட்டி கண்டவர்களின் எண்ணிக்கை சிறியதாகையால் இதனை நாடு முழுவதற்கும் பொதுமைப்படுத்த இயலாது. ஆயினும் ஒரே செயலின்மைக்குள் எத்தனை வேறுபட்ட பொருள்கள் உறைகின்றன என்பதை எண்ணிக்கை ஆய்வுகளைவிட இந்நூல் நன்கு விளக்குகிறது.

அரசின் பணம் கேள்வியை மாற்றியது

1981ஆம் ஆண்டின் வளரிளம்பருவக் குடும்ப வாழ்வுச் சட்டத்தில் தொடங்கி, 1996இன் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டத்தின் வழியாக ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது வரை, திருமணம் வரை தவிர்த்தல் என்ற ஒரே செய்தியைக் கற்பிக்கும் திட்டங்களுக்கு அமெரிக்க நடுவணரசு பணம் தந்தது. 1996இன் சட்டம் அத்தகைய கல்விக்கு எட்டு அம்ச வரையறை ஒன்றையும் வகுத்தது. திருமணத்துக்கு வெளியிலான பாலுறவு உளரீதியாகவும் உடல்ரீதியாகவும் தீங்கு விளைவிக்கக்கூடியது என்று கற்பிப்பது அதில் ஒன்று. அதன்பின் ‘ஏன் தவிர்க்கிறார்கள்’ என்ற கேள்வி ‘தவிர்க்க வைப்பது எப்படி’ என்பதாகச் சுருங்கியது. ஆய்வு நிதியும் அரசியல் ஆர்வமும் பின்னதை நோக்கியே பாய்ந்தன. பிள்ளைகளின் சொந்தக் காரணங்களைக் கேட்டறியும் ஆய்வுகள் ஓரத்தில் நின்றன. இது ஒரு பெரிய இழப்பு.

மதெமாட்டிகா ஆய்வு நிறுவனம் அரசுக்காக அத்தகைய நான்கு திட்டங்களை மதிப்பிட்டு 2007இல் அளித்த அறிக்கையில், திட்டத்தில் சேர்ந்தவர்களிலும் சேராதவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் தவிர்ப்பவர்களாகவே இருந்தனர். ஈடுபட்டவர்களின் முதல் பாலுறவு வயதிலும் வேறுபாடு இல்லை. ஆனால் 2010இல் ஜான் ஜெம்மட் குழுவினர், ஆறு, ஏழாம் வகுப்புகளில் பயின்ற 662 ஆப்பிரிக்க அமெரிக்க மாணவர்களிடம் நடத்திய சமவாய்ப்புச் சோதனை, அதாவது யார் எந்தப் பாடத்தைப் பெறுவது என்பதைக் குலுக்கல்போல் தீர்மானித்த சோதனை, மாறான முடிவைத் தந்தது. இருபத்து நான்கு மாதங்களில் பாலுறவு தொடங்கியிருப்பதற்கான மதிப்பிடப்பட்ட வாய்ப்பு, தவிர்ப்புப் பாடம் பெற்றவர்களிடம் 33.5 சதவீதமாகவும், பொதுச் சுகாதாரப் பாடம் பெற்றவர்களிடம் 48.5 சதவீதமாகவும் இருந்தது. இப்பாடம் திருமணம் வரை என்று சொல்லவில்லை, ஒழுக்க உபதேசம் செய்யவில்லை, ஆணுறையை இழித்துரைக்கவுமில்லை. தயாராகும் வரை தள்ளிப்போடுவதைப் பற்றியே பேசியது, அதனால் நடுவணரசின் எட்டு அம்ச வரையறைக்குள் அது வரவுமில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பொருந்தியது பதினேழு வயதினருக்கும் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. என்றாலும், பிளின்–பைக்கின் மாணவர்கள் சொன்ன ‘இன்னும் தயாராகவில்லை’ என்ற காரணத்தை மதித்துப் பேசிய பாடம் பலன் தந்ததும், அதைப் புறக்கணித்த பாடங்கள் தராமற்போனதும் தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை என்றே தோன்றுகிறது.

2013க்குப் பிந்தைய சரிவு

தவிர்ப்பவர்களின் விகிதம் மிக வேகமாக உயர்ந்த ஆண்டுகள், உறுதிமொழி இயக்கம் தன் உச்சத்தைக் கடந்துவிட்ட ஆண்டுகளாகும். அமெரிக்க இளைஞர்களிடையே சமயப் பற்றும் அப்போது குறைந்துகொண்டிருந்தது. ஆகவே சமய விளக்கத்தால் மட்டும் பாலுறவு அனுபவத்தின் இச்சரிவை விளக்க முடியாது. ஜீன் ட்வெங்கியும் ஹீஜங் பார்க்கும் 1976 முதல் 2016 வரையிலான கணக்கெடுப்புகளைத் தொகுத்து, பாலுறவு மட்டுமன்றி மது, காதல் சந்திப்புகள், வண்டி ஓட்டுதல், சம்பள வேலை எனப் பெரியவர்களுக்குரிய செயல்கள் அனைத்தும் பதின்பருவத்தினரிடம் குறைந்திருப்பதைக் காட்டி, வசதி கூடிய, குழந்தைகள் குறைந்த குடும்பங்களில் வளர்ச்சி மெதுவாகிறது என்றனர். திறன்பேசியும் தனிமையும் காரணம் என்பாரும் உளர். இவ்விளக்கங்களில் தவிர்ப்பு ஒரு முடிவாக இல்லாமல், நேரில் கூடிப் பழகுவது குறைந்ததன் உடன்விளைவாகவே தெரிகிறது. 2021ஆம் ஆண்டின் எண்ணிக்கையில் பெருந்தொற்றுக் கால முடக்கத்தின் பங்கும் கலந்திருக்கிறது; ஆனால் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டதால் அதனை மட்டும் காரணமாக்க இயலாது.

தீராத கேள்விகள்

சான்றுகளைச் சேர்த்துப் பார்க்கையில் சிலவற்றை ஓரளவு உறுதியோடு கூறலாம். சமயப் பற்று தள்ளிப்போடுவதற்குத் துணைசெய்கிறது, ஆனால் அது பெரும்பாலும் ஒத்த கருத்துடைய கூட்டத்தின் வழியாகவே செயல்படுகிறது. பொது உறுதிமொழியின் தனித்த பங்கு, ஒத்த பின்னணியுடையவர்களோடு ஒப்பிடும்போது ஐந்தாண்டுகளில் மறைந்துவிடுகிறது. அச்சம் ஒரு காரணம். தயாராகவில்லை என்ற உணர்வு அதற்குக் குறையாத காரணம், ஆய்வுகளில் மிகக் குறைவாக இடம்பெற்றதும் அதுவே.

விடை கிடைக்காதவை இவற்றைவிடப் பெரியவை. இன்றைய தவிர்ப்பினரில் எத்தனை பேர் தாங்கள் தெரிவுசெய்ததாக உணர்கிறார்கள், எத்தனை பேருக்கு வாய்ப்பே எழவில்லை என்பதை இப்போதைய கணக்கெடுப்பு வினாக்கள் பிரித்துக் காட்டுவதில்லை. பட்டியலிலிருந்து ஒரே ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் முறை, அச்சமும் நம்பிக்கையும் கூச்சமும் ஒருவரிடமே கலந்திருப்பதை மறைத்துவிடுகிறது. ஒரே ஆளிடம் பதின்மூன்று வயதிலும் பதினாறிலும் பத்தொன்பதிலும் அதே கேள்வியைத் திறந்த வடிவில் கேட்டு, காரணங்கள் எப்படி மாறுகின்றன என்று பின்தொடர்ந்தால்தான் இதற்கு ஓரளவாவது விடை கிட்டும். ஆட் ஹெல்த் ஆய்வில் பங்கேற்ற மாணவர்கள் நாற்பது வயதைக் கடந்துவிட்டார்கள். அவர்கள் தந்த பதில்களைக் கொண்டு உருவான கோட்பாடுகளை, திறன்பேசியோடு வளர்ந்த தலைமுறையின்மீது அப்படியே பொருத்துவதற்கு இதுவரை போதிய ஆதாரம் இல்லை.